சிப்பிக்குத் தனிச் சட்டி

2022ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் கரைவலைக்குப் போன தம்பி, மீன் பையோடு ஒரு நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். வாடிக்குப் பின்னால் தாழம்புதருக்குள் குட்டி போட்டிருந்த தாய் நாயைக் காணவில்லையாம்; பெரிய றோட்டில் லொறி அடித்துவிட்டதாக யாரோ சொன்னார்களாம். மற்றக் குட்டிகளை வலை இழுக்கிற ஆட்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது இது. சாம்பல் பூத்த வெள்ளை நிறம், மெலிந்த கால்கள், உடம்புக்குப் பொருந்தாத ஊதிய வயிறு. அம்மா அதன் வாயைத் திறந்து ஈறை விரலால் தடவிப் பார்த்தார். முன்பற்கள் அப்போதுதான் வெளியே வந்திருந்தன. "நாலு கிழமைதான் இருக்கும். பால்குடி மறக்காத குட்டி" என்றார். சிப்பி என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் உடப்பில் நாய்க்கு என்ன கொடுப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் நீண்டு கிடக்கிற ஊர். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் எங்கள் பக்கம் அடங்கியிருக்கும்; சித்திரை வரைக்கும் கரைவலைதான். வலையின் மடி கரையேறியதும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆட்கள் கீரியையும் சாளையையும் பாரையையும் பிரித்தெடுப்பார்கள். விலை போகாத காரலும் பொடிமீனும் மணலில் கிடக்கும். கரை நாய்கள் அதைத் தின்றே வளர்கின்றன. வீட்டு நாய்க்கு மிஞ்சிய சோறும் கறிச்சட்டி வழித்த குழம்பும். வளர்ந்த நாய் அதிலே எப்படியோ காலத்தை ஓட்டிவிடும். தாயில்லாத குட்டியால் முடியாது. ஊரில் எத்தனையோ குட்டிகள் இரண்டாம் மாதத்தைத் தாண்டாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்; அதை விதி என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை.

முதலில் பால். நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்த அந்த மாதங்களில் பால்மாவுக்குச் சனம் வரிசையில் நின்றது. கைக்குழந்தை உள்ள வீடுகளே தவித்தபோது குட்டிக்காகப் போய் வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. தேங்காய்க்குப் பெயர்போன மாவட்டம் என்பதால் பலரும் தேங்காய்ப்பால் கொடுக்கச் சொன்னார்கள். தேங்காய்ப்பாலில் உள்ள சத்து பெரும்பாலும் கொழுப்பு. குட்டியின் தசைக்கு வேண்டிய புரதமும் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் அதில் மிகச் சொற்பம். பசுப்பாலும் நாய்ப்பாலுக்கு ஈடாகாது. தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசுப்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல்; பால் சர்க்கரையோ குறைவு. அதனால்தான் பசுப்பாலை மட்டும் குடிக்கிற குட்டி வயிறு கழிந்து வாடிப்போகிறது.

சிலாபத்தில் ஒரு மிருக வைத்தியரைத் தேடிப் போனோம். சிங்களப் பெண்மணி, நடுத்தர வயது. ஊதிய வயிற்றை அழுத்திப் பார்த்தவுடனே பூச்சி மருந்தை எடுத்தார். வட்டப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் இறங்கிவிடுமாம். பிறந்து இரண்டு கிழமையிலிருந்தே இரண்டு கிழமைக்கொரு தடவை மருந்து கொடுக்க வேண்டுமாம். நாம் ஊட்டுவதில் பாதியைப் புழு தின்றால் சமையலைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்டார். பால் கொடுப்பதாக இருந்தால் கொஞ்ச நாளைக்கு மட்டும், முட்டை மஞ்சட்கரு கலந்து, இளஞ்சூட்டில். நாலு கிழமைக் குட்டி கூழுக்குப் பழகலாம். நாளுக்கு நாலு வேளை. மூன்று மாதம் கடந்தால் மூன்று வேளை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு. எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா கரியால் அதை எழுதிவைத்தார்.

அங்கே காத்திருந்தபோது பார்த்த இன்னொரு குட்டியை என்னால் மறக்க முடியாது. நல்ல வசதியான குடும்பம். உயர்ந்த சாதிக் குட்டி, நாலு மாதம் இருக்கும். முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, பாதம் தட்டையாகி, நிற்கும்போதே நடுங்கியது. தொட்டால் முனகியது. அதற்கு அவர்கள் எதிலும் குறை வைக்கவில்லை. எலும்பு குத்திவிடும் என்று பயந்து தினமும் கோழி நெஞ்சு இறைச்சியை எலும்பு நீக்கி அவித்து, ஈரலும் சேர்த்து, சோற்றில் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "நாங்க சாப்பிடாததையும் இதுக்குக் குடுத்தம்." அவருடைய அன்பில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குட்டி பட்டினி கிடந்திருக்கிறது. அதன் எலும்புகள் பட்டினி கிடந்திருக்கின்றன.

வைத்தியர் எங்களை உள்ளே கூப்பிட்டதும் நான் அந்தக் குட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அவர் விளக்கினார். 100 கிராம் கோழி இறைச்சியில் கல்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான். பொஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில். ஈரலில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சோற்றிலும் கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். குட்டிக்கு வேண்டியதோ பொஸ்பரஸுக்குச் சமமாக அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கல்சியம். உணவில் வராவிட்டால் கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பி, இரத்தத்தின் அளவைக் காப்பாற்றுவதற்காக எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவி எடுக்கும். எடை ஏறிக்கொண்டே போகும், எலும்பு மெலிந்துகொண்டே போகும், கட்டிலிலிருந்து குதித்தால் கால் முறியும். இறைச்சி மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்கு இது வருவது உலகெங்கும் மிருக வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம்.

அந்த நாட்களில் இரவில் கைத்தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். அப்போது கண்ணில் பட்டது எட்வர்ட் மெலன்பி என்ற ஆங்கில மருத்துவரின் கதை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் குழந்தைகள் கால் வளைந்து வளர்ந்தார்கள். காரணம் அழுக்குக் காற்றா, வெளிச்சமின்மையா, உணவா என்று மருத்துவர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெலன்பி நாய்க்குட்டிகளை வைத்துப் பார்த்தார். ஓட்ஸ், பாண், ஆடை எடுத்த பால் என்று ஏழை வீட்டுச் சாப்பாட்டையே அவற்றுக்குக் கொடுத்தார். கால்கள் வளைந்தன. கொட் மீனின் ஈரலெண்ணெய் சேர்த்துக் கொடுத்த குட்டிகள் நேராக நின்றன. 1919இல் லான்செட் மருத்துவ இதழில் அதை எழுதினார். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவில் மெக்கொலம் அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தறிந்தார்; அதற்கு விற்றமின் டி என்ற பெயர் நிலைத்தது. இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் நேரான கால்களோடு ஓடுவதற்குப் பின்னால் பெயர் தெரியாத அந்தக் குட்டிகளின் வளைந்த கால்கள் இருக்கின்றன. சிப்பியை மடியில் வைத்துக்கொண்டு இதை வாசித்தபோது, மனிதக் குழந்தைகள் நாய்க்குட்டிகளுக்குப் பட்ட கடன் இது என்று எனக்குப் பட்டது. அப்படித்தான் இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றும் அதோடு தெரிந்தது. எங்கள் கரையில் வெயிலுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. முற்றத்தில் விட்டால் போதும், வெயில் விற்றமின் டியைக் கொடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மனிதத் தோல் அதைச் செய்யும். நாயின் தோலால் போதிய அளவு செய்ய முடியாது. 1994இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். நாய் அதை வாயால்தான் பெற வேண்டும். மீன், முட்டை மஞ்சட்கரு, கொஞ்சம் ஈரல். வேறு எங்கேயோ இருப்பவர்கள் காசு கொடுத்து மீனெண்ணெய்க் குப்பி வாங்குகிறார்கள். எங்கள் வாசலில் சாளை குவிந்து கிடக்கிறது.

அம்மா சுறா எண்ணெய் கொடுக்கலாம் என்றார். அவருடைய காலத்தில் பிள்ளைகளுக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம். வைத்தியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஈரலெண்ணெயில் விற்றமின் ஏ மிகையாக இருக்கும். அளவு தவறினால் அதுவும் எலும்பையே கெடுக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கஞ்சியில் கலக்கலாமா என்றும் அம்மா கேட்டார். கல்சியம்தான், ஆனால் குட்டியின் வாயையும் குடலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும். முட்டைக் கோதுதான் சரி என்று முடிவாயிற்று.

கோதைக் கழுவி, உள்தோலை உரித்து, கொதிநீரில் சிறிது நேரம் அவித்து, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்து, அம்மியில் மாவாக அரைத்து, துணியில் சலிக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நெருடக் கூடாது. ஒரு கோழி முட்டைக் கோதில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. வளரும் குட்டிக்கு 1000 கிலோகலோரி உணவுக்கு 3 கிராம் கல்சியம் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2006இல் வெளியிட்ட அளவு. இரண்டு கிலோ எடையுள்ள குட்டி ஒரு நாளில் தின்பது 350 கிலோகலோரி வரையில். ஆகவே 1 கிராம் கல்சியம் போதும். அது அரைத் தேக்கரண்டிக் கோது மாவு. கூடக் கொடுத்தால் கூட நல்லது என்பதும் இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், வருகிற கல்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாதது. பெரிய சாதிக் குட்டிகளுக்கு மிகையான கல்சியத்தால் மூட்டும் எலும்பும் கோணும். அதனால் முள்ளோடு மீன் கொடுக்கிற நாளில் கோது மாவைக் குறைத்துக்கொண்டோம்.

மீன் வந்த நாட்களில் சமையல் இப்படி. தம்பி கொண்டுவருகிற காரலையும் சிறு சாளையையும் தலையும் குடலும் எடுத்து, உப்பில்லாமல், குக்கரில் தண்ணீர் விட்டு நெடுநேரம் அவிப்போம். இறக்கி ஆறியதும் ஒவ்வொரு முள்ளாக விரலிடையில் நசுக்கிப் பார்ப்பேன். மாவாகப் போக வேண்டும். நசியாத முள் கிடந்தால் திரும்ப அடுப்பில். பாரை, கும்பளா மாதிரிப் பெரிய மீனில் முள்ளை முழுதாக எடுத்துவிடுவோம். அவித்த கோழி எலும்பு ஒருபோதும் இல்லை. அது சிராய் சிராயாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மீனோடு குழைய வெந்த சோறு, அவித்த பூசணி, ஒரு பிடி முருங்கையிலை, ஒரு துளி தேங்காயெண்ணெய். கிழமைக்கு ஒருமுறை சிறு துண்டு ஈரல், கிடைத்தால் முட்டை.

கரையில் கிடக்கிற பச்சை மீனைச் சிப்பி தின்னாமல் பார்த்துக்கொண்டோம். சாளை, நெத்தலி இனங்கள் பலவற்றின் பச்சைச் சதையில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது விற்றமின் பி1ஐச் சிதைக்கும். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு நரிப் பண்ணையில், பச்சை மீன் தின்ற நரிகள் பசியிழந்து, தள்ளாடி, வலிப்பு வந்து செத்துப்போனதிலிருந்துதான் இது உலகுக்குத் தெரிய வந்தது. அவித்தால் அந்த நொதி அழிந்துவிடும். அதைவிட உடனடியான பயம் பேத்தை. வலையில் ஏறுகிற பேத்தை மீனை ஆட்கள் மணலில் வீசிவிடுவார்கள். அதன் ஈரலிலும் முட்டையிலும் இருக்கிற நஞ்சு வளர்ந்த மனிதனையே கொல்லும். சிப்பியைக் கரைக்குக் கூட்டிப்போகும்போது தம்பி முன்னால் நடந்து பேத்தைகளைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைப்பான். மற்ற ஆட்களிடமும் சொல்லிச் சொல்லி, எங்கள் வாடிப் பக்கம் இப்போது பேத்தையைப் புதைப்பது வழக்கமாகிவிட்டது. சிப்பியால் ஊருக்கு நடந்த நன்மைகளில் அதுவும் ஒன்று.

வீட்டுக் கறியில் அவளுக்குப் பங்கில்லை. உப்பும் மிளகாயும் ஒருபுறமிருக்க, வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எங்கள் சமையலில் வெங்காயம் விழாதது எது? சம்பலில் வெங்காயம், சொதியில் வெங்காயம், பருப்பில் வெங்காயம். கற்பிட்டிப் பக்கத்தில் வெங்காயம் விளைகிற மாவட்டம் வேறு. அதனால்தான் தனிச் சட்டி வைத்தோம். சிறிய மண்சட்டி, அதற்கென்று ஒரு அகப்பை. வந்து போகிறவர்கள் அதை வித்தியாசமாகப் பார்த்தார்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், நாய்க்கு வீட்டில் சமைப்பதற்கான 200 குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 வீதத்தில் ஏதாவதொரு அத்தியாவசியச் சத்துக் குறைந்திருந்தது. துத்தநாகம், செம்பு, விற்றமின் ஈ போன்றவை கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. நல்ல பக்கற் தீனி வாங்க வசதியுள்ளவர்கள் குட்டிப் பருவத்திலாவது அதை வாங்குவதே பாதுகாப்பு. எங்களுக்கு வழியில்லை. பங்குனியில் ரூபாயின் மதிப்பு விழுந்ததும் இறக்குமதித் தீனியின் விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. ஆகவே நாங்கள் செய்யக்கூடியதைச் செய்தோம்: ஒரே மீன், ஒரே இலை என்று நிற்காமல் மாற்றி மாற்றிக் கொடுத்தோம், மாதத்துக்கொரு தடவை சிலாபத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் நடத்தியும் காட்டினோம்.

வைகாசியில் சோழகம் எழுந்தது. கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும் காலம். எங்கள் ஆட்கள் பலர் கிழக்குக் கரைக்குப் போய் வாடி அடிப்பார்கள். அந்த ஆண்டு மண்ணெண்ணெய் இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை, எரிவாயு இல்லை. மீன் வரத்து நின்றது. முட்டை விலை ஏறியது. விறகடுப்பில் ஒரு சட்டி ஏற்றுவதே கணக்குப் பார்க்கிற வேலையாயிற்று. அப்போது ஒரு பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அங்கால் நின்று கேட்டார்: "மனிசருக்கே இல்லாத நேரத்தில நாய்க்குத் தனியா உலை வைக்கணுமா, டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. அவருடைய வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்தக் கேள்விக்கு நான் மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். யாரோ திரிபோஷ கொடுக்கச் சொன்னபோது நான் மறுத்ததும் அதனால்தான். அது கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அரசு கொடுப்பது, அந்த ஆண்டு அதுவே தட்டுப்பாடாகிவிட்டது, அதில் ஒரு கரண்டிகூட நாய்க்குப் போகக் கூடாது. சிப்பிக்கு நாங்கள் கொடுத்தது பெரும்பாலும் எறிகிற சாமான். எங்களுடைய பழைய சோற்றைக் குழைத்தோம். களப்பில் வீச்சுவலை போடுகிறவர்களிடம் விற்க முடியாத பொடிமீனைக் கேட்டு வாங்கினோம். நெத்தலிக் கருவாட்டைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து அவித்தோம். முட்டை வாங்க முடியாத கிழமைகளில் தேநீர்க் கடையில் கோதைச் சேகரித்துத் தரச் சொன்னோம். இதை அந்த அக்காவுக்கு வேலியில் நின்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் போனார். அடுத்த நாள் ஒரு பையில் பூசணித் தோலும் விதையும் கொண்டுவந்து, "விதை குடுக்கலாமா?" என்று கேட்டார்.

ஆடியில் திரௌபதையம்மன் கோவில் திருவிழா. பதினெட்டு நாள், முடிவில் தீமிதிப்பு. நெருக்கடி அந்த ஆண்டு எதையும் பெரிதாகச் செய்ய விடவில்லை என்றாலும் கோவில் வீதியில் சனம் கூடியது. மாமா ஒருவர், பாரதக் கதையை விரல்நுனியில் வைத்திருப்பவர், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சிப்பியைப் பார்த்துவிட்டுச் சரமையின் கதையைத் தொடங்கினார். ஜனமேஜயன் செய்த யாகத்துக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. அது அவியுணவை நக்கவில்லை, பார்க்கவும் இல்லை. ராசாவின் தம்பிமார் அதை அடித்து விரட்டினார்கள். குட்டி அழுதுகொண்டே தாய் சரமையிடம் போனது. அவள் யாகசாலைக்கே வந்து, பிழை செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டாள். பதில் இல்லை. எதிர்பாராத பயம் உன்னைச் சேரும் என்று சபித்துவிட்டுப் போனாள். பாரதத்தின் முடிவில் தருமரோடு மலையேறுகிற நாயை எல்லாருக்கும் தெரியும். தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டி சோற்றுப் பழி சுமந்து அடி வாங்கியது பலருக்குத் தெரியாது. மாமா சொல்லி முடித்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார்.

அப்போது சிப்பிக்கு ஏழு மாதம். 28 பாற்பற்களும் விழுந்து நிரந்தரப் பற்கள் வரிசையாக வந்துவிட்டன. முன்னங்கால்கள் நேர். வைத்தியர் முழங்காலிலிருந்து பாதம்வரை விரலால் அழுத்திக்கொண்டு போனார். அவள் வாலை ஆட்டிக்கொண்டே நின்றாள். தோலில் பளபளப்பு, எடை ஊர் நாய்க்கு ஏற்ற அளவு. இனி இரண்டு வேளை போதும், கோது மாவையும் குறைக்கலாம் என்றார்.

பிறகு ஊருக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட ஊழியர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் இலவசமாகப் போடுவதுதான். பிள்ளைகள் கயிற்றிலும் சாரத்திலும் சாக்கிலும் நாய்களைக் கொண்டுவந்து நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் நெஞ்சோடு ஒரு குட்டியை அணைத்திருந்தான். எட்டுக் கிழமை இருக்கும், பின்னங்கால் துவண்டு தொங்கியது. என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். "பாணைத் தேத்தண்ணியில தொட்டுக் குடுக்கிறன், டீச்சர்."

ஊசியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து ஊர் ஊராகப் போடுகிற அந்த ஊழியர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு இருக்கிறது. ஊசியோடு சேர்த்து, குட்டி கொண்டுவருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவு நல்லது. பூச்சி மருந்து கொடுத்தீர்களா, எலும்புக்கு என்ன கொடுக்கிறீர்கள்? இரண்டே கேள்வி. எங்கள் கரையில் அதற்கு வேண்டியது எல்லாம் காலடியிலேயே கிடக்கிறது. சொல்வதற்கு ஆள்தான் இல்லை.

பையனை வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு ஜாம் போத்தலில் கோது மாவு போட்டுக் கொடுத்தேன். அளவுக்கு அரைத் தேக்கரண்டியில் ஒரு கோடு கீறிக் காட்டினேன். குக்கர் இல்லை என்றான். சட்டியில் கூடுதல் நேரம், முள் நசியும்வரை என்றேன். பின்னேரம் அவனுடைய தாய் வேலியடிக்கு வந்தார். "காரல் மீனா குடுக்கச் சொன்னீங்க? தலையோடயா, தலை எடுத்தா?"

தலையை எடுத்துவிட்டு என்று சொன்னேன். உப்புப் போட வேண்டாம் என்றும் சொன்னேன்.